பன்னிரண்டாவது நாற்காலியும் ஏழு நகங்களும்

என் கால்களில் உள்ள பத்து நகங்களில் ஏழு கெட்டுப்போனவை. வலது காலில் நான்கு, இடது காலில் மூன்று. மஞ்சளாகத் தடித்து, ஓரம் உதிர்ந்து, கரைந்துபோன சவர்க்காரத் துண்டுபோல் இருக்கும். நான் பினாங்குத் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் என் வேலை. மழையில் நனைந்த சப்பாத்தோடு நாள் முழுக்க நின்றதில் வந்த நகச்சொத்தை என்று நினைக்கிறேன். வலி இல்லை. ஆகவே நான் அதைப் பொருட்படுத்தவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. மூட்டை எண்ணிக்கையில் என்மீது ஒருமுறைகூடப் புகார் வந்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இடம் கிடைக்காமல் போகலாம்.

புத்தாண்டு பிறந்ததும் நடந்த அன்பியக் கூட்டத்தில்தான் அந்த ஏழு நகங்களும் பெரிய விஷயமாயின. அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் குழு. எங்கள் கோவிலைச் சேர்ந்த பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள். பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, பாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். ஓர் அன்பியத்துக்கு ஒருவர். இப்போது பெண்களும் உண்டு.

எங்கள் குழுத் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஜெபம் முடிந்து தேநீர் வந்ததும் சொன்னார்: "இந்த வருசம் நம்ம அன்பியத்துக்கு நீங்கதான் அண்ணே. ஒருவேளை உங்களுக்கு முடியலைன்னா உங்க மச்சான் ரிசர்வ்."

அந்த வீட்டில் அப்போது பத்தொன்பது பேர் இருந்தார்கள். பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள். இத்தனை ஆண்டுகள் தூணோரம் நின்று பிறர் பாதம் கழுவப்படுவதைப் பார்த்தவன் நான். பெருமையை மறைக்க முயன்றேன், முடியவில்லை என்று பிற்பாடு மனைவி சொன்னாள்.

மச்சான் என்றது என் மனைவியின் தம்பியை. ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்குப் பக்கத்து புளோக்கில்தான் குடியிருக்கிறார். அன்று வீடு திரும்பும்போது லிப்டில் என் தோளைத் தொட்டுக் கேட்டார்.

"அத்தான், உடம்பெல்லாம் நல்லா இருக்கில்ல?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"சும்மா லா. பெரிய வியாழன் வரைக்கும் ஜாக்கிரதையா இருங்க. மழையில நனையாதீங்க."

அந்த அக்கறை எனக்குப் பிடிக்கவில்லை. ரிசர்வில் இருப்பவன் உடம்பைப் பற்றி விசாரித்தால் வேறென்ன நினைப்பது?

அன்று மாலை பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து நகங்களைப் பார்த்தேன். எங்கள் பாதர் வலது காலைத்தான் கழுவுவார். வலதில் நான்கு. பெருவிரல் நகம் எல்லாவற்றிலும் மோசம். பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும்.

"இடது காலை நீட்டுங்களேன். அதுல ஒண்ணு கம்மி" என்றாள் மனைவி, துணி காயப்போட்டுக்கொண்டே.

"எல்லாரும் வலது நீட்டும்போது நான் மட்டும் இடதா? கப்பல்ல மூட்டையைத் திருப்பி அடுக்கின மாதிரி இருக்கும்."

"அப்ப டாக்டர்கிட்ட போங்க. என் உயிரை எடுக்காதீங்க."

போனேன். கிளினிக்கில் இருந்தவர் இளம் வயது மலாய்ப் பெண் டாக்டர். நகத்தைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஈரல் மருந்தைத் தாங்குமா என்று பார்க்க ரத்தமும் எடுத்தார். முடிவுகள் வந்தபின் பூஞ்சைக்கு எதிரான மாத்திரை கொடுத்தார். தினம் ஒன்று, மூன்று மாதத்துக்கு. நகம் முழுதாக மாற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்றும் சொன்னார். எனக்கு முழு நகம் வேண்டாம், பெரிய வியாழனுக்குள் பார்க்கும்படியாக ஆனால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இன்னொன்றும் சொன்னார்: தோலில் அரிப்போ தடிப்போ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும். நான் தலையாட்டினேன்.

மாத்திரை வேலை செய்தது. அதை நான் சொல்லத்தான் வேண்டும். பெருவிரல் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, மெல்லிய கோடுபோலப் புது நகம் ரோஜா நிறத்தில் எட்டிப்பார்த்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் வைத்துப் பார்த்தேன், தினமும்.

இதற்கிடையில் திருநீற்றுப் புதன் வந்தது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியது. எங்கள் வீட்டில் தவக்காலம் முழுதும் இறைச்சி கிடையாது. கோழியும் ஆடும் போய்விடும், கடல் வந்துவிடும். பினாங்கில் இருந்துகொண்டு இதைத் தவம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அந்த வாரம் மச்சான் சந்தையிலிருந்து இறால் வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் என் நடுவிரல் அளவு, இருபத்தாறு. மனைவி சம்பால் செய்தாள். நான் ஏழு சாப்பிட்டேன். மறுநாள் காலை நெஞ்சில் அரிப்பு.

சட்டையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். சிவப்புத் திட்டுகள். பத்தொன்பது.

"இறால்தான்" என்றேன்.

"அறுபது வருசமா இறால் தின்னுறீங்க."

"வயசானா உடம்பு மாறும்."

இறாலை நிறுத்தினேன். தொடையில் திட்டுகள் வந்தன. அப்படியென்றால் கணவாயும் சேர்ந்துதான் என்று அதையும் நிறுத்தினேன். பிறகு கருவாடு. பிறகு முட்டை. பிறகு கத்திரிக்காய், தக்காளி. சாப்பாட்டில் நிறுத்த அதிகம் மிச்சமில்லாமல் போனபோது, குளிக்கும் சவர்க்காரத்தையும் துணி துவைக்கும் தூளையும் மாற்றச் சொன்னேன். ஆக எட்டுப் பொருள்கள் வீட்டை விட்டுப் போயின. திட்டுகள் மட்டும் போகவில்லை.

மச்சான் ஒரு மாலை வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றவில்லை. எவ்வளவு வெயிலடித்தாலும் எங்கள் வீட்டில் காலுறையோடுதான் உட்காருவார். கேட்டால் டைல்ஸ் குளிர்கிறது என்பார்.

"நான் வாங்கிக் குடுத்த இறாலையா குத்தம் சொல்றீங்க? அதே இறால்தானே எங்க வீட்டுலயும். எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

"உன் உடம்பு வேற, என் உடம்பு வேற, மச்சான்."

"அது சரி, இப்ப எப்படி இருக்கு? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லியே? கோவிலுக்கு வந்துருவீங்கல்ல?"

"வருவேன்."

"கண்டிப்பா?"

"மச்சான், அந்த நாற்காலி என்னோடது. ரிசர்வ் ரிசர்வாவே இருக்கட்டும்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் திருப்திகூட.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம். பதினான்கு தலங்கள், ஒவ்வொன்றிலும் முழந்தாளிட வேண்டும். ஒன்பதாவது தலத்தில் முழங்காலுக்குக் கீழே நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. கால்சட்டையோடு சேர்த்துச் சொறிந்தேன். பின்னால் இருந்த ஒருவர், "அங்கிள், கொசுவா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தபோது நெஞ்சுத் திட்டுகளெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே சிவப்புப் பரப்பாகியிருந்தன. எண்ண முடியவில்லை. எண்ண முடியாத எதைப் பார்த்தாலும் எனக்குப் பயம். உடம்பு லேசாகச் சுடவும் செய்தது.

மறுநாள் மத்தியானம் மனைவி எனக்கு வெறும் ரசமும் சோறும் வைத்தாள். வைக்க வேறொன்றும் இல்லை. நான் சாப்பிட்டு முடித்து, வழக்கப்படி மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எட்டு சாமானை நிறுத்தியாச்சு. இதை மட்டும் ஏன் நிறுத்தல?"

"இது மருந்து. சாப்பாடு இல்ல."

"வயித்துக்குள்ளதானே போகுது?"

"நகம் வளர ஆரம்பிச்சிருக்கு. நீயே பாத்தியே, அந்தக் கோடு."

"பாத்தேன். நகத்துல ஒரு கோடு வந்துருக்கு, உடம்பு முழுக்கத் தோல் போய்க்கிட்டு இருக்கு. உங்களுக்கு நகம் வேணுமா தோல் வேணுமா?"

 உண்மையில் எனக்கு இரண்டும் வேண்டும், பெரிய வியாழன்வரை. மாத்திரை என் உள்ளங்கையில் வெள்ளையாக இருந்தது. இதை விழுங்கினால் பெருவிரலில் இன்னும் கொஞ்சம் ரோஜா நிறம். விழுங்காவிட்டால் அந்த மஞ்சள் நகத்தோடு எல்லார் முன்னாலும் காலை நீட்ட வேண்டும், அல்லது நாற்காலியை மச்சானுக்குக் கொடுக்க வேண்டும். மனைவி காத்திருக்கவில்லை. என் உள்ளங்கையிலிருந்து அதை எடுத்தாள், அட்டையையும் எடுத்தாள், இரண்டையும் கைப்பையில் போட்டாள்.

"கிளம்புங்க. டாக்டர் சொன்னாங்கல்ல, அரிச்சா வரச்சொல்லி? நானும்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்."

டாக்டர் என் முதுகைப் பார்த்தார், தொடையைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். கண் எரிகிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, எங்காவது கொப்புளம் உண்டா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆறு கேள்விகள். காய்ச்சல் என்ற ஒன்றைத் தவிர மற்ற ஐந்துக்கும் இல்லை என்றேன். வாயில் புண் வந்திருந்தாலோ தோல் கொப்புளித்து உரிந்திருந்தாலோ நேரே பெரிய மருத்துவமனையில் படுக்க வைத்திருப்பேன் என்றார். சிலருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முதல் சில வாரங்களில்தான் அது தோலில் தெரியும். இனிமேல் இதைத் தொடவே கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லவேண்டும் என்று மூன்று முறை சொன்னார். மறுபடியும் ரத்தம் எடுத்தார்.

என் மனைவி விடவில்லை. இறாலைப் பற்றியும் கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். "ஊடாங் தாக் சாலா, அங்கிள்" என்றார். இறால்மேல் குற்றமில்லை என்று அர்த்தம்.

"கேட்டுக்கிட்டீங்களா? என் தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி.

பூசுவதற்குக் களிம்பும் அரிப்புக்கு வேறு மாத்திரையும் கிடைத்தன. நிறுத்திய பிறகும் சில நாள் கூடித்தான் குறையும், அப்புறம் செதில் செதிலாக உரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்படியே நடந்தது. காய்ச்சல் விட்டது. திட்டுகள் பழுப்பாகி மங்கின. கடைசியாக உரிய ஆரம்பித்தவை பாதங்கள். பெரிய வியாழனுக்கு முந்தைய குருத்து ஞாயிறு அன்று என் வலது பாதத்தில் மஞ்சள் நகம் நான்கோடு, உரியும் தோலும் சேர்ந்திருந்தது. முன்பு இருந்ததைவிட மோசம். நகத்துக்காக ஆரம்பித்து, பாதத்தையே கெடுத்துக்கொண்டேன்.

நான் பாதரைப் பார்க்கப் போனேன். இவர் நிபோங் தெபால் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், என் மகன் வயது. கோவில் அலுவலகத்தில் குருத்தோலைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தோல் உரிவது யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னதையும், நகப்பூஞ்சை தொற்றக்கூடும் என்பதையும் சொல்லி, என்னுடைய இடத்தை மச்சானுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். 

"காலைக் காட்டுங்க அங்கிள்" என்றார்.

காட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"அங்கிள், ஒரு ரகசியம் சொல்றேன். வருசா வருசம் பன்னெண்டு பேரும் வீட்டுலயே தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வர்றாங்க. போன வருசம் ஒருத்தர் பவுடர் போட்டுட்டு வந்தாரு. எனக்குக் கழுவறதுக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்கிறதில்ல. ஒரு தடவையாவது கழுவின மாதிரி இருக்கட்டும் லா."

"துண்டு இருக்கே பாதர்."

"என்ன துண்டு?"

"தோள்ல ஒரே துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் பன்னெண்டு பேர் காலையும் தொடைக்கிறீங்க. நான் தூணோரமா நின்னு வருசா வருசம் பாக்குறேன். என் காலைத் தொடைச்ச துண்டால அடுத்தவர் காலைத் தொடைச்சா, என் பூஞ்சை அவருக்குப் போகும்."

பாதர் குருத்தோலையைக் கீழே வைத்தார். இதுவரை யாரும் இதைச் சொன்னதில்லை என்றார். சொல்லியிருக்க மாட்டார்கள். துண்டை யார் எண்ணப் போகிறார்கள்?

அன்றே கடைக்குப் போய் வெள்ளைத் துண்டு பன்னிரண்டு வாங்கினேன். மனைவி கொதிநீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தேன்: என் நாற்காலி கடைசியாக இருக்கவேண்டும். அப்போதுதான் என் காலில் பட்ட கை வேறொருவர் காலுக்குப் போகாது. பாதர் ஒப்புக்கொண்டார்.

விஷயம் மச்சானுக்கு எட்டியது. போன் செய்தார்.

"அத்தான், பன்னெண்டாவது நாற்காலியா? யூதாஸ் உக்கார்ற இடமாச்சே அது."

"அவன் காலையும்தான் கழுவினாரு. பைபிளை எடுத்துப் படி."

"அப்ப நீங்க வர்றது உறுதிதானே?"

"உறுதி."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். குரலில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

பெரிய வியாழன் மாலை கோவில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். பத்து ஆண்கள், இரண்டு பெண்கள். நான் கடைசி. வலது சப்பாத்தையும் காலுறையையும் கழற்றியதும், இடப்பக்கமாகக் கண்ணை ஓட்டி மற்ற பதினொரு பாதங்களையும் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்குப் பித்தவெடிப்பு. ஒருவருக்குப் பெருவிரல் வளைந்து பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. சர்க்கரை நோயில் சுண்டுவிரலை இழந்த ஒருவர். என்னுடையதைப் போல மஞ்சள் நகம் உள்ளவர்கள் மூன்று பேர்! இத்தனை வருடம் தூணோரத்திலிருந்து இது எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. பாதர் ஒவ்வொருவராக முழந்தாளிட்டுக் கழுவி, ஒவ்வொருவருக்கும் ஒரு புதுத் துண்டை எடுத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அந்தத் துண்டுகள் என்னுடைய யோசனை என்று எழுந்து நின்று சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் முறை வந்தது. தண்ணீர் குளிர்ச்சியாக விழுந்தது. உரிந்த தோலில் கொஞ்சம் எரிந்தது. மற்றவர்களுக்கு மேலோட்டமாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்த பாதர், என் பாதத்தைக் குதிகாலோடு பிடித்துக்கொண்டு விரல்களுக்கிடையிலும் கைவிட்டுக் கழுவினார். தட்டில் விழுந்த தண்ணீரில் என் தோலின் வெள்ளைச் செதில்கள் மிதந்தன. துடைத்து முடித்ததும் குனிந்து பாதத்தை முத்தமிடுவது வழக்கம். நான் காலை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். அவர் விடவில்லை. குதிகாலை இன்னும் இறுக்கிப் பிடித்து, புறங்காலில் முத்தமிட்டார். தலைநிமிரும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னைக்குத்தான் வேலை செஞ்ச மாதிரி இருக்கு அங்கிள்" என்றார்.

நான் நேராக உட்கார்ந்திருந்தேன். காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியே வைத்திருந்தேன், பாடல் முடியும்வரை.

பூசை முடிந்து எல்லாரும் கலைந்தபோது, கோவிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்து பெஞ்சில் துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டும் இருந்தன. என்னுடையதை மட்டும் ஒரு சின்னப் பையில் முடிந்து அதற்குள்ளேயே வைத்தேன். மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இறாலைப் பற்றி நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு, எங்கள் வீட்டில் ஒருநாளும் கழற்றாத அந்தக் காலுறைகளைக் கழற்றினார்.

"பாருங்க" என்றார்.

பார்த்தேன். பத்தில் ஒன்பது. என்னுடையதைவிட இரண்டு அதிகம். பெருவிரல் இரண்டும் கறுத்தே போயிருந்தன.

"உங்களுக்கு அரிக்குதுன்னு அக்கா சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல அத்தான். நீங்க படுத்துட்டா இந்தக் காலை நான் நீட்டணுமே. கோவில்ல ஒவ்வொரு வாரமும் உங்களுக்காக மெழுகுதிரி ஏத்தினேன்."

"அதான் தினமும் உடம்பு எப்படி எப்படின்னு கேட்டியா?"

"பின்ன? நாற்காலிக்கு ஆசைப்பட்டேன்னா நெனச்சீங்க?"

நான் துண்டுப் பையின் வாயை இழுத்துக் கட்டினேன்.

"அடுத்த வருசம் நீதான் மச்சான். தலைவிகிட்ட நானே சொல்றேன்."

"ஐயோ, வேணாம் லா. அதுக்கு நான் முதல்ல அந்த மாத்திரையைத் தின்னு, உங்கள மாதிரி தோலுரிஞ்சு..."

"மாத்திரையெல்லாம் டாக்டர் பாத்துச் சொல்லட்டும். கோவிலுக்கு அது வேணாம்" என்று சொல்லிப் பையை அவர் மடியில் வைத்தேன். "துண்டு பன்னெண்டு இருக்கு."